இனியவனின் மறைவும் இசை வெளியீடும்

புதுச்சேரியின் இசை வரலாறு என்றாவது முறையாக எழுதப்பட்டால், 2006 செப்டம்பர் பத்தாம் தேதி காலை லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களின் பெயர்கள் அதன் முதல் பக்கத்தில் வரவேண்டும். ஓய்வுபெற்ற மேலெழுத்தரும் குடும்பத் தலைவருமான கோவிந்தராசு, அவர் மனைவி செல்வாம்பாள், மகள் சிந்துஜா, சிந்துஜாவின் வருங்கால மாமனாரும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'வுமான அரிகிருஷ்ணன், அச்சகம் நடத்தும் பக்கிரி. சொல்தாவின் கையில் ஆளுயர மாலை இருந்தது. மகன் இனியவன் மட்டும் இல்லை. அவன் இறந்துவிட்டதாக ஊர்ச் சுவர்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன.

இனியவன் இன்ஜினியரிங் படித்தவன். 'ஈமம்' என்ற டூம்-டெத் மெட்டல் குழுவில் பாடகன். இந்த இசை மிகவும் நிதானமானது. டிரம்மில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். குரல் தொண்டையிலிருந்து வருவதில்லை. வயிற்றுக்கும் கீழே எங்கிருந்தோ உறுமலாகக் கிளம்பும். 'சாம்பல் மழை' என்னும் முதல் ஆல்பத்தை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் பதிவு செய்தார்கள். பக்கத்து ஆலையின் இயந்திரம் இரண்டு பாடல்களில் கூடவே வாசித்திருக்கிறது. அதைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

வீட்டில் அவன் பயிற்சி செய்யும்போது உறவினர் யாராவது கேட்டால், "தண்ணி மோட்டார்ல கோளாறு" என்று சொல்லிக் கோவிந்தராசு குடும்ப மானத்தைக் காத்துவந்தார். தாம்பூலம் மாற்றிய அன்றுகூடப் பரீட்சை என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிட்டார். ஆகவே சம்பந்தி அவன் முகத்தையே பார்த்ததில்லை.

கோவிந்தராசு பக்கிரியைக் கொல்லைப்புறம் இழுத்துப்போனார்.

"எம் புள்ள கல்லு மாதிரி இருக்கான்டா! பாட்டு சி.டி. வெளியீட்டுப் போஸ்டருல இன்னா வேலடா பண்ணி வெச்சிருக்க?"

"அண்ணே, மூணு பசங்க கருப்புச் சட்டையில வந்து தம்பி போட்டோவக் குடுத்தானுங்க. ஒருத்தன் மூஞ்சிலயும் சிரிப்பே இல்ல. போட்டோவுல மூஞ்சி பூரா வெள்ள, கண்ணச் சுத்தி மை, பின்னால சுடுகாடு. அடியில ஒரு தேதி. இருவது வருசமா அஞ்சலி போஸ்டர் அடிக்கறவன், வேற இன்னான்னு நெனைப்பேன்?"

"வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"துக்க வூட்டுல போயி யாராச்சும் புரூப் காட்டுவாங்களாண்ணே?"

கோவிந்தராசுவும் முறை தெரிந்தவர்.

"ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழ 'வருந்தும் கோவிந்தராசு குடும்பத்தார்'. அதெல்லாம் நானா போட்டதுண்ணே. கதிர்காமம் வரைக்கும் ஒட்டியாச்சி."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து கோவிந்தராசு கூடத்துக்கு வந்தார். சொல்தா விறைப்பாக எழுந்து நின்று பிரெஞ்சில் துக்கம் விசாரித்தார்.

"கொந்தோலேயான்ஸ், சம்பந்தி. மனசுல இருக்கறத சொல்லிடறேன். உங்க பையன் ஏதோ பேய்க்கூச்சல் போட்டுப் பாடறான்னு காதுல வுழுந்துச்சி. இந்தச் சம்பந்தமே வாணாம்னு சொல்லத்தான் இன்னிக்கி கெளம்பனேன். வழியில சொவுத்தப் பாத்தேன். செத்தவன் மேல பழி போட்டா பாவம். கல்யாணம் நடக்கும்."

செல்வாம்பாள் வாயைத் திறந்தார். கோவிந்தராசு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

"அமைதியான புள்ளைங்க. வாயத் தொறக்கவே மாட்டான்."

செல்வாம்பாள் அழத் தொடங்கினார். அந்த வீட்டில் அன்று நடந்த உண்மையான காரியம் அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கைநிறைய சி.டி.க்களோடு உள்ளே வந்த இனியவன், "யம்மா, பசிக்குது" என்றான்.

"யாரு இது?" என்றார் சொல்தா.

"ஒப்பாரிக்குச் சொல்லியிருந்தோம்" என்றார் கோவிந்தராசு.

"பாடுங்கண்ணே, பாடுங்க!" என்றாள் சிந்துஜா, கெஞ்சும் கண்களோடு.

வரும் வழியிலேயே இனியவன் சுவரொட்டியைப் பார்த்துவிட்டான். அவனைப் பார்த்து இரண்டு பேர் ஓடியும் இருந்தார்கள். தங்கையைப் பார்த்தான், தந்தையைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வீட்டில் யாரும் அவனைப் பாடச் சொன்னதில்லை. பக்கிரி கொண்டுவந்த சுவரொட்டியில் சொல்தாவின் மாலையோடு இருந்த தன் வெள்ளை பூசிய முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஆல்பத்தின் முதல் பாடலைப் பதினோரு நிமிடமும் குறைக்காமல் உறுமினான். அடுப்படியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. சொல்தா தேம்பித் தேம்பி அழுதார்.

"இதான்யா ஆம்பள ஒப்பாரி! நான் போனாலும் இவனத்தான் கூப்புடணும்" என்று சொல்லி, மூன்று சி.டி. கேட்டு வாங்கிப் போனார்.

தை மாதம் கல்யாணம் சிறப்பாக நடந்தது. பந்தியில் சாம்பார் ஊற்றிய ஒருவன் மணப்பெண்ணின் சாயலில் இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். இனியவன் உயிரோடுதான் இருக்கிறான் என்றும் ஒரு வதந்தி லாஸ்பேட்டையில் உலவுகிறது. பெற்ற தகப்பனிடமே கேட்டாகிவிட்டது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.