காற்று வாங்கிய கடை

நூலகத்தில் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப சார் முடியும்?" என்று பஞ்சு கத்தினாள்.

"என்ன?" என்று நூலகர் கத்தினார்.

"எப்ப முடியும்னு கேட்டேன்!"

"கத்தாதீங்கம்மா, இது நூலகம்!"

எந்நேரமும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு திரிவதால் அவளுக்கு அந்தப் பெயர். எறும்புகளைப் பற்றிய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைக் கொடுக்கப் பதினெட்டு நாள்தான் பாக்கி. தவறினால் இன்னும் ஒரு வருடம் இழுக்கும். விடுதி அறையிலோ, அறைத்தோழி போனில் காதலனோடு சண்டை போடுவாள். சமாதானம் ஆகிவிட்டால் பாடுவாள். சண்டையே தேவலை.

பசியோடு கல்லூரிக்குப் பின்னால் நடந்தவள், ஒரு சந்தில் பாதி திறந்த கதவைப் பார்த்தாள். உள்ளே நான்கு மேஜைகள். ஓர் ஆள்கூட இல்லை. கல்லாவுக்குப் பின்னால் குனிந்திருந்த மனிதர் திடுக்கிட்டு நிமிர்ந்து, கையை ஆட்டி ஏதோ சொன்னார். பஞ்சு பஞ்சை எடுத்தாள்.

"என்ன சொன்னீங்கண்ணே? சாப்பிட என்ன இருக்கு?"

அவர் அவளுடைய வாடிய முகத்தையும் புத்தக மூட்டையையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"நான் சாப்பிடறதுதான் இருக்கு. உட்காரும்மா."

சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும். தேவாமிர்தம். விலை கேட்டதற்கு, "குடுக்கறதக் குடு" என்றார். சாயங்காலம் வரை உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். அவர் விரட்டவில்லை. பேசவும் இல்லை.

மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காவது நாள் அவளுக்கு ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. கூப்பிடு தூரத்தில் மூவாயிரம் பேர் பசியோடு அலைகிறார்கள். இவ்வளவு ருசியான, மலிவான கடைக்கு ஏன் யாருமே வருவதில்லை?

"ஏண்ணே, கடை இப்படிக் காத்து வாங்குதே?"

"அப்படியே இருக்கட்டும்மா."

என்ன ஒரு விரக்தி! இப்படியே போனால் கடையை மூடிவிடுவார், அப்புறம் நான் எங்கே போவேன் என்று பஞ்சு பதறினாள். கடை மூடாத அளவுக்குக் கூட்டம், காது கிழியாத அளவுக்கு அமைதி. இரண்டும் வேண்டும்.

கணக்குத் துறையில் வாயே திறக்காத இருவரை அழைத்துவந்தாள். சோறு வருவதற்குள் அவர்களுக்கு ஒரு சமன்பாட்டில் தகராறு வந்து, மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

உடனே, 'இங்கே அமைதி காக்கவும்' என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். அதை யாரோ படம் பிடித்து, 'அமைதியான இடம் கிடைத்துவிட்டது' என்று கல்லூரி முழுக்க அனுப்பினார்கள். மறுநாள் வாசலில் வரிசை. ஓர் எறும்பு சர்க்கரையைக் கண்டால் என்ன நடக்கும் என்று மூன்று வருடம் படித்தவளுக்கு இது தோன்றாமல் போனது.

இப்போது சோற்றில் உப்பு கரித்தது. மறுநாள் இன்னும் கரித்தது. பாவம், களைப்பில் கை தவறுகிறது என்று பஞ்சு உருகினாள். மற்றவர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

"உப்பு ஜாஸ்தியா இல்ல?" என்று கடைக்காரரே மேஜை மேஜையாகப் போய் ஆவலோடு கேட்டார்.

"ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு இது விருந்துண்ணே. இன்னும் கொஞ்சம் போடுங்க!"

அவர் கண் கலங்கினார். ஆனந்தக் கண்ணீர் என்று பஞ்சு நினைத்தாள். மனம் பொறுக்காமல் சமையற்கட்டில் நுழைந்து தட்டுக் கழுவினாள், வெங்காயம் உரித்தாள். கடைசி அத்தியாயம் பதினாறாம் பக்கத்திலேயே நின்றது. இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. போனால் போகட்டும், ஒரு குடும்பம் பிழைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று மதியம், நர்ஸ் உடையில் ஓர் அம்மாள் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கடைக்காரர் கரண்டியோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"ஐயோ, என்ன இது? யார் இவங்கல்லாம்?"

மனைவியாகத்தான் இருக்கும். பஞ்சு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு முன்னால் வந்தாள்.

"எல்லாம் நான் பண்ணதுதான் அண்ணி. அண்ணன் பாவம், ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

அந்த அம்மாள் அரிசி மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"வீட்ல நாலு பிள்ளைங்க போடற கூச்சல்ல பரீட்சைக்குப் படிக்க முடியலைன்னு, எங்கப்பா மூடிப் போட்ட கடையோட சாவியைக் குடுத்து நான்தாம்மா இவரை இங்க அனுப்பி வச்சேன்!"