கண்ணாடிக்குள் எண்ணெய்முட்டி

புதுக் கண்ணாடி பூட்டிய மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்ட அருளம்பலம், நீர்வேலி ஒழுங்கை முடக்குத் தாண்டியதும் திரும்பி வந்து படலையில் நின்றான்.

தாய் நல்லம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, எதையேன் மறந்திட்டியோ?"

"எண்ணெய்முட்டி, அம்மா."

"எதிரிலையோ?"

"பின்னாலை. கண்ணாடிக்குள்ளை தெரிஞ்சுது."

நல்லம்மா யோசித்தாள். எண்ணெய்ப் பானை சுமந்தவன் எதிரில் வந்தால் போகிற காரியம் கெடும்; பின்னால் வருவது சகுனத்தில் சேராது. ஆனால் கண்ணாடி இருப்பது முன்னால். முன்னால் தெரிந்தால் எதிரில் வந்ததுதான் என்று தீர்த்து, மகனை இருத்தித் தண்ணீர் கொடுத்தாள்.

விஷயம் சின்னதல்ல. உடுவில் நமசிவாயத்தார் மகள் செல்வநாயகியைக் கொடுக்க ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார். பின்னால் வருவது தெரியாமல் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவனுக்குப் பெண் இல்லை. கண்ணாடி பூட்டி, இன்று பொழுதுபட முன் கொண்டுவந்து காட்ட வேண்டும். தவறினால் உடுப்பிட்டியில் ஒரு கிளாக்கர் இருக்கிறார். செல்வநாயகியைத் தேர்த் திருவிழாவில் ஒருதரம் பார்த்திருந்த அருளம்பலத்துக்கு, அந்தக் கிளாக்கரை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கண்ணாடியைச் சற்றுத் திருப்பிவிடச் சொல்லி சைக்கிள் கடை வின்சன்றிடம் போனான். வின்சன்ற் வேதக்காரன். அவனுக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை, வியாபாரத்தில் இருந்தது.

"ஒத்தைக் கண்ணாடி ஒரு காதிலை மட்டும் தோடு போட்ட மாதிரி, அண்ணை. மற்றப் பக்கமும் ஒண்டு பூட்டுங்கோ. முட்டி இந்தப் பக்கம் வந்தால் நீங்கள் அந்தப் பக்கம் பாக்கலாம்."

பூட்டினான். முடக்கில் அதே ஆள், அதே முட்டி, இரண்டு கண்ணாடியிலும். திரும்பும்போது அவனை நேருக்கு நேர் கடக்க வேண்டியிருந்தது. அது கணக்கில் ஏறாதபடி அருளம்பலம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினான். முட்டிக்காரன் வேலிக்குள் பாய்ந்தான்.

ஒரு முட்டிக்குத் தண்ணீர் போதும், இரண்டுக்குத் தலைமுழுக வேண்டும் என்றாள் நல்லம்மா. முழுகினான். அவள் பழைய சேலையைக் கிழித்து இரண்டு கண்ணாடியையும் மூடிக் கட்டிவிட்டாள். முடக்கில் காற்று ஒன்றை அவிழ்த்தது. உள்ளே முட்டி நின்றது; மூன்றாம் தரமும் வண்டியைத் திருப்பினான்.

கடைசியில் இரண்டையும் கழற்றுவதென்று முடிவாயிற்று. உடுவிலுக்குக் கிட்டப் போய்த் திரும்பப் பூட்டலாம். ஆனால் திருகாணிப் புரி இறுகியிருந்தது. வின்சன்ற் வியர்த்துக் கொட்டி, பூட்டியதைவிடக் கழற்றக் கூலி கூட என்றான். பேரம் பேச நேரமில்லை. நீர்வேலிக்காரன் ஒருவன் பேரம் பேசாமல் கொடுத்ததை வின்சன்ற் பிறகு பலருக்குச் சொல்லித் திரிந்தான்.

வழியில் முட்டியே இல்லை. பொழுது இருக்கவே நமசிவாயத்தார் படலையில் இறங்கி, சால்வையிலிருந்து கண்ணாடிகளை அவிழ்த்தான்.

உள்ளே மாமர நிழலில் அந்த எண்ணெய்முட்டி இருந்தது. பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தவன், அந்த வீட்டு வேலையாள் தம்பிஐயா.

"நமசிவாயத்தார் நிக்கிறாரோ?"

"இல்லைத் தம்பி. இப்பதான் கார் பிடிச்சு உடுப்பிட்டிக்குப் போறார், கிளாக்கருக்குச் சம்மதம் சொல்ல."

"பொழுது இன்னும் படேல்லையே. நீர்வேலி மாப்பிள்ளை என்னாச்சு?"

தம்பிஐயா முட்டியைத் தட்டிக் காட்டினான்.

"அந்தக் கலியாணப் பலகாரத்துக்குத்தான் நீர்வேலிச் செக்கிலை இந்த எண்ணெய் வாங்கினது, கொண்டு வெளிக்கிட்ட மூண்டு தரமும் கண்ணாடி பூட்டின மோட்டார் சைக்கிள் ஒண்டு எதிரிலை வந்துது, உப்பிடிச் சகுனத்துக்கு ஆர் தம்பி பொம்பிளை குடுப்பினம்?"