ஏழடுக்கு மெழுகுவர்த்தி

"எரிஞ்சுபோன மெழுகு எங்கே போகுது அத்தை?" என்று கோடி வீட்டுக் குழந்தை ஒருமுறை கேட்டாள்.

மெழுகுவர்த்தித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வார்ப்பு வேலை பார்த்து, 'மெழுகத்தை' என்றே பெயர் வாங்கியவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. "காத்துல கலந்துடும்" என்று சொல்லிவைத்தாள். குழந்தை உடனே வாயையும் மூக்கையும் இறுகப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா வந்து கிச்சுகிச்சு மூட்டித்தான் மூச்சுவிட வைக்க வேண்டியிருந்தது.

அந்த அப்பாதான் இப்போது தலைவலி.

அதே மாடியில், வராந்தாவின் மறுகோடி வீடு அவனுடையது. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஊரார் பிழையையெல்லாம் பகலில் திருத்திவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து சொந்தமாகப் பிழை செய்வான். மனைவி கப்பலில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்புகிறாள்.

"ஏழு கடல் தாண்டி வர்றா அக்கா. அதனால ஏழு நிறம், ஏழு அடுக்கு. வழவழன்னு இல்லாம பாறை மாதிரி சொரசொரன்னு ஒரு மெழுகுவர்த்தி. பாப்பாவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். நானே பண்ணப் போறேன்."

"நீயா? உன் கையில வெந்நீர்கூடத் தீஞ்சுபோகுமே!"

"அது ஒரே ஒரு தடவை. நீங்க வந்து தலையிடாம இருந்தா போதும்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்கேடா வர்றது?"

இரண்டு மாதத்துக்கு முன் படியில் விழுந்திருந்தாள். எலும்பு கூடிவிட்டது, பயம்தான் கூடவே தங்கிவிட்டது. காலைத் தரையில் ஊன்றினால், இல்லாத படி ஒன்று காலுக்கடியில் நழுவுவதுபோல் இருக்கும். காலுக்குப் பயிற்சி செய்யச் சொல்லிப் பிசியோக்காரர் கொடுத்துவிட்டுப் போன ரப்பர் பட்டையைச் சர்க்கரை டப்பாவுக்குக் கட்டிவைத்திருந்தாள்.

தம்பி மகன் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டான். "ஞாயித்துக்கிழமை பிசியோ வருவாரு அத்தை. நீங்களா நடந்துபோய்க் கதவைத் திறந்தா சரி. இல்லைன்னா முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன்." மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம். அங்கே போக அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் கால் அசையவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் "போயிட்டு வர்றேன் அக்கா" என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டுப் படியிறங்கினான். குழந்தை பள்ளிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் ஒரு வாசனை மெல்ல வந்தது. பாத்திரத்தை நேரே தீயில் வைத்து மெழுகைக் கருக்கிய வாசனை.

மெழுகத்தை பொறுத்துப் பார்த்தாள். பத்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்தாள். குழந்தைக்குக் கதவு திறந்துவிட என்று அந்த வீட்டுச் சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். சுவரைப் பிடித்துப் பிடித்து இருபத்தெட்டு அடி வைத்தாள்.

சமையலறையில் உயரமான தகரக் குழாய் அச்சு, ஆள் நிற்பதுபோல் நின்றது. முதல் அடுக்கைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆக்கிவைத்திருந்தான். திரி உள்ளே விழுந்து செத்துக் கிடந்தது.

"பாவி" என்றாள். மெழுகைப் பெயர்த்தாள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினாள், பால் ஆடை மாதிரி மேலே படியும்வரை ஆறவைத்து ஊற்றினாள். சூடு குறைவாக ஊற்றினால்தான் பாறைச் சொரசொரப்பு வரும். இந்த ஒரு தடவைதான் என்று கடவுளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

சாயங்காலம் அவன் வந்து நின்றான். "என் கைராசியைப் பாருங்க அக்கா! அப்படியே பாறை!"

"ம்" என்றாள் மெழுகத்தை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது அடுக்கு முதல் அடுக்கோடு ஒட்டாமல், டப்பா மூடி மாதிரி தனியே கழன்றது. கீழ் அடுக்கு ஆறிப்போயிருந்தால் அதன் முகத்தைக் கொஞ்சம் சூடாக்கித்தான் மேலே ஊற்ற வேண்டும். அது அவனுக்கு எங்கே தெரியும்? அவள் கரண்டியைச் சுடவைத்துத் தேய்த்து, ஊற்றி முடித்துவிட்டு ஊன்றுகோலுக்குக் கை நீட்டினாள்.

ஊன்றுகோல் இல்லை.

அடுப்புப் பக்கத்தில் சாய்த்துவைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அது கூடத்தைத் தாண்டி, பால்கனிக் கோடியில் நின்றுகொண்டிருந்தது. வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தவள் அவளேதான்.

"வயசாச்சு, மறதி" என்று உரக்கச் சொன்னாள். சொன்ன குரல் வெற்று வீட்டில் வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது.

புதன்கிழமை பாத்திரம் அடுப்படியில் இல்லை. மேல் அலமாரியின் உச்சித்தட்டில் இருந்தது. நுனிக்காலில் எக்கி எடுத்தாள். எடுத்த கையில் சூடு. யாரோ இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி அங்கே வைத்தது போன்ற சூடு.

"யாரு?" என்றாள்.

பாதி திறந்திருந்த படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. அந்த இருட்டு மெல்ல மூச்சு விட்டது.

"கடவுளே, நான் ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணலையே" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது அடுக்கை ஊற்றினாள். பயந்தாலும் வேலையில் கை நடுங்கவில்லை.

வியாழக்கிழமை வண்ணக் கட்டிகள் ஒரே இடத்தில் இல்லை. பச்சை கூடத்தில், நீலம் குளியலறையில், மஞ்சள் துணிக் கொடியடியில். "பேய்க்கு வேற பிழைப்பே இல்லையா?" என்று அறை அறையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை மெதுவாக விசாரித்தாள். "ஏண்டா, உன் வீட்டுல ஏதாவது... சத்தம் கித்தம் கேக்குதா?"

அவன் முகம் வெளுத்தது. "உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா அக்கா? நான் ஊத்துறது ஒண்ணு, வந்து பார்க்கிறது வேற ஒண்ணு. எனக்குக் கை காலெல்லாம் உதறுது."

"பயப்படாதே. கடவுள் நல்லவங்களுக்கு உதவி பண்ணுவாரு."

"அப்ப எனக்கு ஏன் பண்றாரு?"

குழந்தை கைதட்டினாள். "நம்ம பேய் நல்ல பேய் அப்பா! அதுக்கு ஒரு பிஸ்கட் வைப்போமா?"

அங்கே போவதை நிறுத்திவிடலாம் என்றுதான் அன்று மெழுகத்தை நினைத்தாள். ஆனால் அந்தக் குழந்தையை அவளால் ஏமாற்ற முடியாது. இரண்டு வயதில் அதற்குக் கடுங்காய்ச்சல் வந்தபோது, அம்மா நடுக்கடலில் இருக்க, நாற்பது நாள் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவள் மெழுகத்தை. "இந்தக் கடனை எப்படி அக்கா தீர்ப்பேன்?" என்று அவன் அழுதான். "தீர்க்கிறேன்னு என் வாசல்ல வந்து நின்னா, துடைப்பத்தால விரட்டுவேன்" என்று அவள் அதட்டியதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. எல்லாம் கூடத்துக் கட்டில்மேல் ஏறிக் கிடந்தன. மெழுகு ஆறும் அரைமணி நேரமும் நின்றே காத்திருந்தாள். ஆறும்போது மெழுகு சுருங்கி 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அது அவளுக்குப் பழகியது. ஆனால் ஒவ்வொரு 'டக்'குக்கும் பதில்போலப் படுக்கையறைப் பக்கம் தரைப்பலகை முனகியது பழகியதில்லை.

சனிக்கிழமை இரண்டு அடுக்கு மிச்சம். குழந்தை நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். ஆறாவதை ஊற்றிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்தாள். மெழுகு ஆறிச் சுருங்கி நடுவில் விழுந்திருந்த குழியைக் குத்தி நிரப்பினாள், மறுபடி போனாள், மறுபடி வந்தாள். ஏழாவது வெள்ளை. கடைசிச் சொட்டும் விழுந்தது. அழகு! நிமிரும்போது முழங்கால் சட்டென்று மடங்கியது.

அந்த நொடியில் கதவுக்குப் பின்னாலிருந்து இருட்டு ஒரு எட்டு பாய்ந்து வந்தது.

மேடையைப் பற்றிக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். இருட்டு அப்படியே பின்வாங்கியது.

மெழுகத்தை ஓடினாள். சுவரைத் தொடவில்லை. அடியை எண்ணவில்லை. தன் வீட்டுக்குள் பாய்ந்து, மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். ஊன்றுகோல் அந்த வீட்டிலேயே நின்றுவிட்டது என்பது அவளுக்கு நினைவுக்கு வர ராத்திரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வராந்தாவில் பெட்டி உருளும் ஓசை. "அம்மா, கண்ணை மூடு! இப்பத் திற!" என்று குழந்தை கூவினாள். பிறகு ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழும் சத்தம்.

கதவு மணி அடித்தது. மெழுகத்தை எழுந்து போய்த் திறந்தாள். பிசியோக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"பயிற்சியெல்லாம் ஒழுங்காப் பண்ணீங்க போலிருக்கே?"

"பொய் சொல்லக் கூடாது தம்பி. ஒரு நாள்கூடப் பண்ணலை. ரப்பர் பட்டை சர்க்கரை டப்பாவுல இருக்கு, எடுத்துட்டுப் போங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. அந்தக் கோடி வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால என்னமோ நிக்குது."

பிசியோக்காரர் தாளில் 'இல்லம் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

"சொல்லக் கூடாதுன்னு அந்தக் கோடி வீட்டுக்காரரு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரும்மா, உங்க காலுக்குப் பயிற்சியா ஏழு அடுக்குன்னு எழுதிக்கொடுத்தது மட்டும்தான் நான், நீங்க விழுந்தாப் பிடிக்கணும்னு வாரம் பூரா லீவு போட்டுட்டு அந்தக் கதவுக்குப் பின்னால நின்னது அவரு."