மீனாம்பிகா கபேயின் வீட்டு ஆள்

உலக வரலாற்றில் ஓட்டல் சப்ளையர்களுக்கு உரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை. இந்த மாபெரும் குறையை 1997-ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் 'சாலை' என்னும் கடைத்தெருவிலுள்ள மீனாம்பிகா கபே தன்னால் இயன்ற அளவு நிவர்த்தி செய்தது.

அதன் முதலாளி 'வாடிக்கையாளர் நல்லுறவு' என்ற ஒருநாள் பயிலரங்குக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் ஒரு கொள்கையும் பெற்றுத் திரும்பினார். தினமும் சாப்பிட வருகிறவர் வாடிக்கையாளர் அல்ல, வீட்டு ஆள். இதுதான் கொள்கை. சப்ளையர் லிங்கம் வள்ளியூர்க்காரர். வீட்டு ஆளை எப்படி நடத்துவது என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று முதல், தினமும் அங்கே சாப்பிடும் ஆடிட்டர் ஆபீஸ் அழகியநம்பிக்குக் கேட்டது எதுவும் கிடைக்கவில்லை.

"ஒரு மசால்தோசை, லிங்கம்."

"நேத்து ஏப்பம் விட்டுக்கிட்டேதானே போனிய? ரெண்டு இட்லி போதும்."

கூட்டம் வந்தால் பாதிச் சாப்பாட்டில் இலையோடு இடம் மாற்றப்பட்டார். "அந்த வாஷ்பேசின் பக்கம் இருங்க அண்ணாச்சி. நீங்க நம்ம ஆளு. வெளியாளு வந்திருக்காவல்லா?" அவர் சட்டைப் பையிலிருந்த ஊர்க் கடிதத்தை லிங்கமே உருவிப் படித்து, "சித்திக்கு மூட்டுவலி தேவலையாம்" என்று அவருக்குத் தகவல் கொடுத்தார். இத்தகைய 'சேவை' பெரிய நட்சத்திர ஓட்டல்களில்கூடக் கிடையாது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட அழகியநம்பிக்கு ஒரு வரன் வந்தது. வலியசாலை நீலகண்டனின் மகள் சுப்புலக்ஷ்மி, பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு ஒரே நிபந்தனை: மாப்பிள்ளை தானாக முடிவெடுக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

அழகியநம்பி உடனே சொல்லியனுப்பினார். தான் அப்படிப்பட்ட ஆள்தான். வரதட்சிணை என்ற சொல்லைக் கேட்டாலே தனக்கு அரிக்கும். பெண் பார்க்கும் சடங்குகூட வேண்டாம், மீனாம்பிகாவில் ஒரு காப்பி சாப்பிட்டுப் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் லிங்கம் பணிவோடு மெனு கார்டு நீட்டினார்.

"எனக்கு நெய்ரோஸ்ட்" என்றார் அழகியநம்பி, அரசாணை வெளியிடும் குரலில்.

"வேண்டாம். ரசவடை தாரேன்."

"நெய்ரோஸ்ட்தான்!"

"டாக்டர் என்ன சொன்னாரு? நானும் கூடத்தானே வந்தேன்?"

சுப்புலக்ஷ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இவரு யாரு?" என்று கேட்டாள்.

"யாரா? வெறும் சப்ளையர்" என்று அழகியநம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் விஷயத்துல தலையிட இவருக்கு என்ன அதிகாரம்? என் காரியத்தை நான்தான் முடிவு பண்ணுவேன்."

சுப்புலக்ஷ்மியின் முகத்தில் பாஸ் மார்க் தெரிந்தது. லிங்கத்தின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் ஒரு வார்த்தைக்காக வீட்டு ஆளை யாராவது கைவிடுவார்களா? மேஜையை ஒருமுறை துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு நீலகண்டன் பக்கம் திரும்பினார்.

"சார், அண்ணாச்சி கூச்சப்படுத ஆளு. அதனால நான் கேக்கேன். பொண்ணுக்கு எத்தனை பவுன் போடுதிய?"

நீலகண்டன் கையில் இருந்த காப்பி வாய்க்குப் போகாமல் நின்றது. "இதென்ன கூத்து? ஒண்ணுமே வேண்டாம்னல்லே தம்பி சொல்லிவிட்டது?"

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. இப்ப நெய்ரோஸ்ட்டும்தான் கேட்டாரு. அவருக்கு எது நல்லதுன்னு எங்களுக்குல்லா தெரியும்? அம்பது பவுன். ஒரு ஸ்கூட்டர்."

மூன்று பேரும் அழகியநம்பியைப் பார்த்தார்கள். அவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். இரண்டு நிமிஷத்துக்கு முன் நெய்ரோஸ்ட்டுக்காகக் கணீரென்று சொன்ன அதே வாக்கியம்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். சட்னியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியவங்க பேசிட்டிருக்கும்போது நாம குறுக்கே பேசக் கூடாது" என்றார்.

"பெரியவங்களா?" என்றாள் சுப்புலக்ஷ்மி. "அவரு உங்களையில்லியா அண்ணாச்சின்னு கூப்பிடுறாரு!"

அப்பாவைக் கையோடு எழுப்பிக்கொண்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று அழகியநம்பி தம் வாயால் வரதட்சிணை கேட்கவில்லை என்பதற்கு மீனாம்பிகா கபேயே சாட்சி. நம் படித்த இளைஞர் எவரும் கேட்பதில்லை. கேட்பதற்குத்தான் வீட்டார் இருக்கிறார்களே.