ஃபேன் பாய் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

கோபப்படுவதில் ஃபேன் பாயை மிஞ்ச வடசென்னையில் இன்னொருத்தர் பிறந்ததில்லை. அதுவும் யார்மேல்? பழைய காலத்து ஜப்பான் தளபதி ஒருத்தன்மேல், கல்மண்டபம் ஏரியாவில் ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டு.

கருகிப்போன ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது அவர் தொழில். கடைக்குள் ஒரு சின்ன டிவி. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கேபிளில் தினமும் சாயங்காலம், தமிழ் பேசும் ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்று வரும். ராஜா காலத்துக் கதை. கடலிலிருந்து பூதங்கள் ஏறிவரும். நமிகோ என்ற மீனவப் பெண் ஒற்றை ஈட்டியோடு நின்று கோட்டையைக் காப்பாற்றுவாள். அந்த அரைமணி நேரம் பாய் ஸ்க்ரூடிரைவரைத் தொடமாட்டார்.

ஒருநாள் ஒரு கஸ்டமர் தெரியாத்தனமாக, "இன்னா பாய், இந்த வயசுல பொம்மைப் படம் பாத்துகினு கீற?" என்று கேட்டுவிட்டார்.

"பொம்மைப் படமா? எட்றா உன் ஃபேன!"

றெக்கை தனி, மோட்டார் தனி, திருகாணி தனியாகப் பொட்டலம் கட்டி, ஆளைத் துரத்திவிட்டார். மிச்சக் கோபத்துக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்தில் வேலை பார்த்த நான் மாட்டினேன்.

"அந்தக் கடலைப் பாரு நைனா. நம்ம சினிமாவுல கடல்னா ரெண்டு பேரு கட்டிப்புடிக்கிற எடம். இந்த ஜப்பான்காரன் ஒவ்வொரு அலைக்கும் தனியா கோவம் வரைஞ்சு வெச்சுக்கீறான். காசிமேட்டுல கடலுக்குப் போறவன் எவனையாவது கேளு, கரீட்டுனு சொல்வான்!"

அப்புறம்தான் அந்த அநியாயம் நடந்தது. பூதங்களைத் துரத்திவிட்டு ரத்தக் காயத்தோடு நமிகோ திரும்பி வருகிறாள். அவள்மேல் சாபம் ஒட்டியிருக்கும் என்று பயந்த தளபதி, கோட்டைக் கதவைச் சாத்திவிட்டான். வாசலிலேயே செத்துப்போனாள். பாய் டிவியை அணைத்தார். ஷட்டரை இறக்கினார்.

அந்த வாரமே கல்மண்டபம் சுவரெல்லாம் போஸ்டர். டிவியை போட்டோ பிடித்து அச்சடித்த மங்கலான முகம். கீழே: 'கண்ணீர் அஞ்சலி. வீரமங்கை நமிகோ. உயிரைக் கொடுத்துக் காத்தவளுக்குக் கதவைச் சாத்திய கோட்டைத் துரோகிகளை வன்மையாகக் கண்டிக்கிறோம்! இவண்: ஃபேன் பாய்.'

மீன் விற்கும் அக்கா ஒருத்தி நின்று பார்த்தாள். "அய்ய, சின்ன பொண்ணா கீதே! யாரு வூட்டு பொண்ணு பாய்?"

"யாருமில்லாத பொண்ணுக்கா."

அந்த அக்கா கூடையை இறக்கிவைத்து அழுதேவிட்டாள்.

சென்னையில் கோட்டை என்றால் எந்தக் கோட்டை, அங்கே ஆட்சி நடத்துவது யார் என்பது பாய்க்குத் தோன்றவேயில்லை. போலீசுக்குத் தோன்றியது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன்.

"யோவ், கோட்டைன்னு யாரைச் சொல்றே? யார்யா துரோகி?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

'அது கார்ட்டூன் சார்' என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பாய் என்னை முறைத்த முறைப்பில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"தளபதி சார்!" என்று ஆரம்பித்தார். முதல் பூதத்திலிருந்து ஒன்றையும் விடவில்லை. ஈட்டிக்குப் பதில் லத்தி ஒன்றை எடுத்துக்கொண்டார். ஏட்டு ஒருவர் பூதமாக நிற்க வேண்டியதாயிற்று.

"வெளிய இவ கதவைத் தட்டிகினே கீறா சார். உள்ள அத்தினி பேரு கீறானுங்க. அல்லாரையும் காப்பாத்துனது இவ. ஒருத்தன்கூட தொறக்கல சார்! இதுக்கு நீங்க இன்னா கேஸ் போடுவீங்க? சொல்லுங்க!"

ஸ்டேஷனில் யாரும் சிரிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போஸ்டரைக் கிழிச்சுடுங்க பாய், போங்க" என்றார்.

பாய் கிழிக்கவில்லை. தண்ணீர் தெளித்து ஊறவைத்து, அந்தப் பெண்ணின் முகம் கிழியாமல் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தளபதியையும், அவனை வரைந்தவனையும், கதை எழுதியவனையும் ஒருத்தர் விடாமல் திட்டியபடி கடையைப் பார்த்து நடந்தார். கடை வந்தால் அந்தத் திட்டு நின்றுவிடும்; அது சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று நான் கூடவே மெதுவாக நடந்தேன்.