முன்செலவுக்கு முன்பக்கம்

மாடபுரி என்றொரு நாடு இருந்தது. சொந்த வீட்டுக்கு ஆசைப்படுவது அங்கே குற்றமல்ல. வீட்டு விலையில் முதலில் கட்டவேண்டிய முன்செலவுக்கு வழியில்லாமல் ஆசைப்படுவதுதான் குற்றம். தேர்தல் வந்தபோது, வீடு வாங்குவோரின் முன்செலவை அரண்மனையே ஏற்கும் என்று மன்னர் வாக்களித்தார். சனங்கள் கை வலிக்கத் தட்டினார்கள்.

கைக்குழந்தையோடு வாடகைக்கு இருந்த செங்கமலமும் தட்டினாள். வீட்டுக்காரர் அவளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். மன்னர் வென்றதும் முதல் ஆளாக அரண்மனைக்கு ஓடினாள்.

பேரமைச்சர் அகராதியைப் புரட்டிவிட்டுச் சபையில் விளக்கம் தந்தார்.

“முன் என்றால் முன்பக்கம். ஆகவே முன்செலவு என்பது முன்பக்கத்துக்கு ஆகும் செலவு. மற்ற பக்கங்கள் குடிமக்களின் சொந்தப் பொறுப்பு.”

சபை அதையும் கைதட்டி ஏற்றது. ஊருக்கு வெளியே பொட்டலில் அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் வரிசையாக ஆளுக்கொரு சுவர் எழும்பியது. அதில் ஒரு கதவு, கதவுக்கு மேல் மன்னரின் திருமுகம். பின்னால் ஒன்றுமில்லை.

சொந்தக் கதவு உள்ளவர்கள் வாடகைக்கு இருக்கக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. சட்டிபானைகளோடு சுவருக்குப் பின்னால் குடியேறினாள். புதுமனை புகுவிழா கட்டாயம் என்றது அதற்கடுத்த ஆணை. சீர்த்தட்டோடு வந்த அண்ணனை வாசலிலேயே மறித்து, “உள்ள பூச்சு வேலை நடக்குதுண்ணே, இன்னொரு நாள் வாங்க” என்றாள். அவர் தட்டைக் கொடுத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த தேர்தலுக்கு மன்னர் பேரமைச்சரோடு தேரில் வந்தார். தெரு நெடுகிலும் முகப்புகள் வரிசையாக நிற்பதைக் கண்டு நெகிழ்ந்துபோய், செங்கமலத்தின் வாசலில் தேரை நிறுத்தினார்.

“வீடு சௌகரியமாக இருக்கிறதா, அம்மா?”

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வாசலில் நின்றிருந்தாள். ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்குங்க, மகாராசா.”

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் கூசிற்று. எழுதுகிற எனக்கே கூசுகிறது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. “நனையாதே அம்மா, பிள்ளையோடு உள்ளே போ” என்றார் பேரமைச்சர், கனிவாக.

அவள் உள்ளே போனாள். கதவைத் தாழிட்டு, பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டு, மழையில் நின்றாள். தெருவில் எல்லோரும் அப்படியே தத்தம் கதவைத் தாழிட்டு நின்றார்கள். நடுவில் சுவர் இல்லாததால் எல்லோருக்கும் எல்லோரும் தெரிந்தார்கள். தேர் போகும்வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை.