நிப்பாட்டி பாயும் வீட்டு வண்டியும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகும். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் எனக்கு வாயே வராது. தாளில் யார் முகமும் தெரியாது இல்லையா, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வண்டியை ஓட வைக்கிற மெக்கானிக் எல்லா ஊரிலும் இருப்பார். வண்டியை நிறுத்துவதைத் தவிர வேறு எதிலுமே அக்கறை இல்லாத மெக்கானிக் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில், என் தையல் கடைக்கு எதிர்க் கொட்டகையில் இருக்கிறார். நிப்பாட்டி பாய் என்றால் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

இஞ்சின் கிளம்பவில்லை என்று யாராவது வந்தால், "நல்லதாப் போச்சு, ஓடலன்னா இடிக்காது" என்று அனுப்பிவிடுவார். பிரேக் சரியில்லை என்றால்தான் முகம் மலரும். ஒரு நாள் கடலை மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டியை மறித்து, "இது எப்டி நிக்கும்?" என்று கேட்டார். "மாடு நின்னா நிக்கும், பாய்" என்றார் வண்டிக்காரர். பாய் மாட்டைச் சுற்றி வந்து நாலு காலையும் பார்த்துவிட்டுத்தான் வழி விட்டார்.

பிரேக் ஆயில் கெட்டுப்போன வண்டி கண்ணில் பட்டால் சாவியை உருவி டவுசர் பையில் போட்டுக்கொள்வார். யார் வண்டி என்று பார்க்க மாட்டார். ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையின் கார் சாவியையே எடுத்துவிட்டார். மாப்பிள்ளை ஷேர் ஆட்டோவில் போய்த் தாலி கட்டினார்.

போன வருஷம் மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். என் கடை வாசலில் ஒரு வீடு வந்து நின்றது. ஆமாம், வீடுதான். வேன் மாதிரி இருக்கிறது, உள்ளே கட்டில், அடுப்பு, குழாய், ஜன்னலுக்கு ஜன்னல் திரைச்சீலை. ரிட்டயர் ஆன கோயமுத்தூர் சாரும் அவர் மனைவி டீச்சரம்மாவும் புதுச்சேரி பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மறுநாள் காலை ஜவ்வாது மலைமேல் பேத்திக்குக் காது குத்து. அதற்குள் கிழிந்துபோன திரைச்சீலைக்கு ஓரம் அடித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

நான் ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் பாய் வண்டிக்குள் ஏறிவிட்டார். பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார். முன்னால் வந்து ஆயில் டப்பா மூடியைத் திறந்தார். அவ்வளவுதான், சாவி டவுசருக்குள் போய்விட்டது.

"இன்னா சார் இது, கடல எண்ணெ மாரி இருக்க வேண்டியது காப்பி டிகாஷனா இருக்குது. எப்ப மாத்துன?"

"வாங்கி நாலு வருசம் ஆச்சுங்க. மாத்தவே இல்ல. வண்டி எங்கீங்க ஓடுச்சு? ஷெட்டுலயே நின்னுட்டுதான் இருந்துச்சு."

"நின்னா மட்டும்? உப்பு ஜாடிய தொறந்து வெச்சா மழக்காலத்துல இன்னா ஆவும்? அதே மாரி இதுவும் காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சிடும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும், ஓடுனாலும் சரி, தூங்குனாலும் சரி. மலையில எறங்கசொல்ல மிதிச்சு மிதிச்சு சூடாவும். உள்ள இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாவும். அப்புறம் மிதிச்சா காலு தரைக்குப் போவும். வண்டி நிக்காது. நீ வீட்டோட எறங்கிடுவ."

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "போலீஸக் கூப்பிடுவேனுங்க" என்றார்.

"கூப்புடு. அவங்க ஜீப்பையும் பாத்து ரொம்ப நாளாச்சு."

டீச்சரம்மாதான் பயந்துபோய், "மாத்திட்டே போலாமுங்க, கொழந்தைங்க எல்லாம் ஏறுவாங்க" என்றார். சார் சமையல் அலமாரியிலிருந்து பாதி பாட்டில் பிரேக் ஆயிலைக் கொண்டுவந்தார். நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். "இது விசம் சார், இத வெச்சா ரசம் தாளிப்ப?" என்று பாய் அதைப் பிடுங்கிக் கழிவு டின்னில் கொட்டினார். திறந்து வைத்த பாட்டிலும் ஈரம் குடித்திருக்குமாம். டப்பா மூடியில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து, அதே நம்பரில் சீல் உடைக்காத பாட்டிலாக வாங்கி வரச் சொன்னார்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். கல்லுக்கா பஞ்சம் செஞ்சியில். பிறகு பாய் என்னைப் பார்த்து, "யக்கா, வா" என்றார்.

பிரேக் மிதிக்க அவருக்கு என் கால்தான் வேண்டும். டிரைவர்கள் அவசரக் காலாம். முப்பது வருஷம் தையல் மிஷின் மிதித்த கால் சொன்ன பேச்சு கேட்குமாம். நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனால் செஞ்சியில் பாதி லாரியின் பிரேக்கை நான் மிதித்திருக்கிறேன்.

வேலை இப்படி. ஆயில் டப்பாவுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும், அதாவது பின்னால் இடது பக்கம். நான் மிதித்து அழுத்திப் பிடிக்க, அவர் அங்கே சக்கரத்தின் உள்பக்கம் இருக்கிற சின்னத் திருகைத் திறப்பார். பழைய ஆயில் டியூப் வழியாகக் குமிழியோடு வரும். அவர் திருகை மூடின பிறகுதான் நான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால் காற்று புகுந்து செய்த வேலை எல்லாம் வீண். டப்பா காலியாகாமல் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருப்பது சாரின் வேலை.

வீடு நீளம், பாய் குரல் எனக்கு எட்டவில்லை. டீச்சரம்மா நடுவில் அடுப்படியில் நின்று தகவல் சொன்னார். பாய் பின்னாலிருந்து, "மிதி, புடி" என்று கத்துவார். டீச்சரம்மா என்னிடம், "அம்மா, கொஞ்சம் மிதிச்சுப் பிடிச்சுக்கறீங்களா? கால் வலிச்சா எடுத்துருங்க" என்பார்.

கால் வலிக்கிறதா என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. எடுத்துவிட்டேன்.

"காத்து பூந்துச்சு. எந்த மகராசி எடுக்கச் சொன்னது?" என்று பாய் கத்தினது கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் என் நூல்கண்டையே எடுத்து, ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறு முனையை அவர் விரலிலும் கட்டினார். ஒரு இழுப்பு மிதி, ரெண்டு இழுப்பு உடு. நன்றாகத்தான் போனது. மூன்றாவது சக்கரத்தில் ஒரு ஆடு நூலில் காலை விட்டு ரெண்டு தடவை உதைத்தது.

"ஆடு சொன்னாக்கூட கேப்பியா யக்கா?"

"நீங்கதானே ரெண்டு இழுப்புன்னீங்க."

நாலு சக்கரமும் முடிய மூன்று மணி. பெடல் கல் மாதிரி நின்றது. அப்போதும் பாய் சாவியைத் தரவில்லை. அடுப்பின் மேல் ஒரு கிண்ணம் நிறைய ரசம் வைக்கச் சொன்னார். எங்களை எல்லாம் உட்கார வைத்துச் சிங்கவரம் ரோட்டில் ஓட்டிப் போய், ஆள் இல்லாத இடத்தில் ஒரே மிதி. ரசம் முன்னால் சிந்தலாம், பக்கவாட்டில் சிந்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று அர்த்தமாம். நேராக முன்னால் வந்தது. சாரின் வெள்ளைச் சட்டை முழுக்க ரசம்.

"சுத்தமா புடிக்குது. நீ போ சார்" என்று சாவியைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சார் போன் செய்து பத்திரமாக மலை ஏறிவிட்டோம் என்றார். "ஏறுனது யாருக்கு வோணும்? எறங்கிட்டு சொல்லு" என்று பாய் வைத்துவிட்டார். மறுநாள் முழுக்க ஒரு வண்டியையும் மறிக்கவில்லை. அவர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை. கேட்டால், "பசிக்கல" என்றார். மத்தியானம் தாண்டி டீச்சரம்மா போன் செய்தார். இறங்கிவிட்டார்களாம், ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்னபடி நின்றதாம், கூட வந்த பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்தார்களாம். பாய் டிபன் கேரியரைத் திறந்து, முதல் அடுக்கை என் மிஷின் மேல் வைத்தார். "துன்னு. நாலு சக்கரமும் உன் காலு" என்றார்.

வண்டி விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பின்னால் இடது பக்கம்தான் முதலா, ரெண்டு வருஷம் என்று அவர் சொன்னது சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துத் திருத்தவும். எதிரில்தான் இருக்கிறார், அவரையே கேட்கலாம். ஆனால் அவரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது, வெட்கமாக இருக்கிறது.